‘ஃபோமெட் பண்ணவா’ என்று கேட்டால்

பென்ட்ரைவை ஃபோமெட் பண்ணிக் கொடுப்பது என்பது, அடுத்தவர் வீட்டுச் சாமானையெல்லாம் வெளியே கொட்டிவிட்டுத் திட்டு வாங்காமல் வந்துவிடலாம் என்று நம்புகிற தொழில். ஹட்டன் பஸ் நிலையத்துக்குப் பக்கத்து மாடியில் ஏழு வருடமாகப் போட்டோக்கொப்பிக் கடை வைத்திருக்கிறேன். இந்த வேலை அதோடு ஒட்டிக்கொண்டு வந்தது. டிவியில் பென்னைச் செருகிவிட்டு ஒன்றும் வராமல் முழித்த அன்பர்களே, உங்கள் மேல் எனக்கு இரக்கம் உண்டு. என் மேலும் கொஞ்சம் காட்டுங்கள். ஒரு கலியாணமே என் கையால் தொலையப் பார்த்தது.

ஃபோமெட் பண்ணும்போது கணினி சில பெயர்களைக் காட்டி எது வேண்டும் என்று கேட்கும். ஃபேட்32 என்றால் பழைய பாட்டுப்பெட்டிகூடப் படிக்கும். ஆனால் நாலு ஜிபிக்கு மேற்பட்ட வீடியோவை உள்ளே விடாது. என்டிஎஃப்எஸ், எக்ஸ்ஃபேட் இரண்டும் எதையும் உள்ளே விடும். ஆனால் பல டிவிகளுக்கு அவற்றைக் கண்டாலே ஆகாது. இவ்வளவுதான் விஷயம். இதை ஒரு நாளைக்கு எத்தனை தடவைதான் சொல்வது!

இருமல் கச்சேரி

கொழும்பு பஸ் ஓட்டும் செல்லையா அண்ணனுக்கு முன்னூறு பாட்டு ஏற்றிக் கொடுத்தேன். கணினி முதலில் காட்டியது என்டிஎஃப்எஸ். அதையே அமுக்கிவிட்டேன். பாட்டெல்லாம் பத்திரமாக உள்ளே இருந்தது, பஸ் செட்டுக்குத்தான் ஒன்றும் தெரியவில்லை. மறுநாள் படியேறி வந்து, சத்தம் போடாமல் பென்னை மேசையில் வைத்தார். “கினிகத்தேனை வரைக்கும் சனம் இருமுறதையே கேட்டுக்கிட்டுப் போனேன் தங்கச்சி.”

முக்கியமா ஒன்னும் இல்ல

அன்றிலிருந்து எல்லாருக்கும் ஃபேட்32தான். கூடவே, “உள்ள ஏதும் இருக்கா?” என்று கேட்கவும் பழகினேன். ஒரு வாத்தியார், “முக்கியமா ஒன்னும் இல்லைங்க மிஸ்” என்றார். அழித்து முடித்துக் கையில் கொடுத்தேன். வாசல்வரை போனவர் திரும்பி வந்தார். “தவணைப் பரீட்சைப் பேப்பர் மட்டுந்தான் இருந்துச்சு.”

இடம் இருந்தும் இடமில்லை

வீடியோக்கார ரவி ஒரு காலியான பென்னோடு வந்து நின்றான். தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் புஷ்பம் அக்காவின் மகள் கலியாண வீடியோ. பெண்ணின் அப்பா முத்தையா கட்டாரில் வேலை. லீவு கிடைக்காமல் சொந்த மகள் கலியாணத்துக்கே வரமுடியவில்லை. அடுத்த வாரம் பத்து நாள் லீவில் வருகிறார், அதற்குள் வீடியோ வீட்டில் இருக்க வேண்டும்.

தாலிகட்டு, ஊர்வலம், சாப்பாடு என்று மூன்று துண்டு. ஒவ்வொன்றும் ஐந்து ஜிபி. ஃபேட்32 ஏற்குமா? எக்ஸ்ஃபேட்டுக்கு மாற்றிக் கொடுத்தேன். எந்த டிவியில் பார்க்கப் போகிறார்கள் என்று நான் கேட்கவில்லை. அவன் வந்தபோது புலம்பியது மட்டும் நினைவிருக்கிறது. “உள்ள எடம் இருக்குங்கக்கா, ஆனா எடங் குடுக்க மாட்டேங்குது.”

ஓகே

மூன்றாம் நாள் புஷ்பம் அக்கா அரைநாள் வேலையை விட்டுவிட்டு வந்தார். தோட்டத்து வரிசை வீடான லயத்தில், டிவியில் செருகியதும் அது இங்கிலீஷில் ஏதோ கேட்டதாம். இவர் ஓகேயை அமுக்கினாராம். ‘ஃபோமெட் பண்ணவா’ என்றுதான் கேட்டிருக்கிறது; பென் துடைத்த மாதிரி ஆகிவிட்டது. பென்தான் பழுதோ என்று பார்க்க, கொழுந்தனார் அதில் சாமிப் பாட்டு ஏற்றிப் போட்டிருக்கிறார். பாட்டு அருமையாகப் பாடியதாம்! ரவிக்குப் போன் பண்ணினேன். அடுத்த கலியாணத்துக்கு இடம் வேண்டுமென்று அவனிடம் இருந்ததை அழித்துவிட்டிருந்தான்.

“என்னான்னு தெரியாம ஏன்க்கா அமுக்குனீங்க?” என்று கேட்டுவிட்டேன். கேட்டதும் எனக்கே வெட்கமாகிப் போனது; டிவி அப்படிக் கேட்கும்படி பண்ணியவளே நான்தான். அவர் கோபப்படவில்லை. “இங்கிலீசுல கேட்டா ஓகேன்னு சொல்லித்தானே தங்கச்சி நமக்குப் பழக்கம்.”

மூன்றாவது துண்டு

அழிந்ததை மீட்கும் மென்பொருளை இரண்டு நாள் ஓடவிட்டேன். தாலிகட்டு இருந்த இடத்தில் சாமிப் பாட்டு போய் உட்கார்ந்துவிட்டது. ஊர்வலம் திறக்கவே இல்லை. சாப்பாடு மட்டும் முழுசாக வந்தது. அதைச் சின்னதாக்கி, ஃபேட்32இல் ஏற்றி வைத்தேன்.

வாங்க வந்தவர் முத்தையா அண்ணனேதான், கூடவே புஷ்பம் அக்கா. மன்னிப்புக் கேட்க நான் படித்து வைத்திருந்ததெல்லாம் மறந்துபோனது. “தாலி கட்டுனது வரலீங்கண்ணே, எம் மேலயும் தப்பு இருக்கு,” என்று மட்டும் சொல்லித் திரையைத் திருப்பினேன். பந்தியில் லயமே உட்கார்ந்திருந்தது. யாரோ இன்னும் கொஞ்சம் சாம்பார் கேட்டார். யாரோ இலையில் பாயசத்தை வழித்தார். அவர் நின்றபடியே முழுவதையும் பார்த்தார். அந்தச் சோறு அவர் கட்டாரிலிருந்து அனுப்பிய காசு என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு பென்னைச் சட்டைப்பையில் வைத்தார். “எல்லாரும் நல்லா சாப்புட்டிருக்காங்க. போதுங்க மிஸ்.”

இப்போதெல்லாம் உள்ளே என்ன இருக்கிறது, எதில் போட்டுப் பார்ப்பீர்கள் என்று தமிழில்தான் கேட்கிறேன், யாராவது “ஓகே” என்று பதில் சொன்னால் மறுபடியும் முதலிலிருந்து கேட்கிறேன்.