ஓடிப்போன அலமாரியும் மற்ற சிலவும்

கட்டில் செய்கிறவனுக்குப் பாராட்டு கிடைக்கும், பூஜை அலமாரி செய்கிறவனுக்கு வெற்றிலை பாக்கு கிடைக்கும், சக்கரம் வைத்த அலமாரி செய்கிறவனுக்குப் போன் மட்டும்தான் வரும்.

எனக்குத் திருவொற்றியூரில் ஒரு தச்சுப் பட்டறை. எங்கள் பக்கத்தில் துறைமுகத்திலும் ரயில்வேயிலும் கம்பெனிகளிலும் உழைத்து ஓய்ந்தவர்கள் சிலர், திடீரென்று ஒருநாள் வீட்டுக்கு ஒரு சின்னக் கடைசல் மெஷின் வாங்கி வந்துவிடுகிறார்கள். மரத்துண்டைச் சுழலவிட்டு, உளியைக் காட்டி, கிண்ணமும் பம்பரமும் கடைவதற்கு. மெஷின் என்னவோ தையல் மெஷின் அளவுதான். அதன் சொந்தபந்தங்கள்தான் வீட்டை அடைத்துக்கொள்ளும். உளிகள், கிளாம்ப்புகள், வார்னிஷ் டப்பாக்கள், என்றைக்காவது பயன்படும் என்று சேர்த்த கட்டைகள். பகலில் பட்டறையாக இருக்கும் அறையில்தான் ராத்திரி குடும்பம் படுக்கவும் வேண்டும். ஆகவே எல்லாவற்றையும் உள்ளே போட்டு ஓரமாகத் தள்ளிவிட, டிராயர் வைத்து, கீழே நான்கு சக்கரம் வைத்து ஒரு அலமாரி. அதைச் செய்து தருகிறவன் நான். உங்கள் வீட்டிலும் யாராவது புதிதாக ஒரு பொழுதுபோக்கைத் தொடங்கியிருந்தால், நாம் இருவரும் ஒரே ஜாதி நோயாளிகள்.

ஹாலைக் கடந்த அலமாரி

ராயபுரத்தில் தேவராஜ் என்று ஒருவர். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ரிடையர் ஆனவர். அவர் வீடு முதல் மாடி. அலமாரியைச் சுவரோரம் நிறுத்தி, டிராயர்களை இழுத்துக் காட்டி, டீ குடித்துவிட்டு வந்தேன். இரண்டு விஷயங்களை நான் கவனிக்கவில்லை. கழுவிவிடும் தண்ணீர் பால்கனிக்கு ஓட வேண்டும் என்று கொத்தனார் தரையில் நல்ல சரிவு கொடுத்திருந்தார். நான்கு சக்கரங்களில் இரண்டுக்குத்தான் பிரேக். அந்த இரண்டையும் நான் யார் காலும் எட்டாத சுவர்ப் பக்கமாக வைத்திருந்தேன்.

அன்று சாயங்காலம் அவர் மனைவி சீரியல் பார்த்துக்கொண்டிருந்தபோது அலமாரி கிளம்பியது. அவசரமே இல்லாமல் ஹாலைக் கடந்து, டி.வி.க்கு முன்னால் வந்தது. கணவர்தான் பின்னால் குனிந்து தள்ளுகிறார் என்று நினைத்து, மறைக்காதே, ஓரமாகப் போ என்று அந்த அம்மாள் அதட்டியிருக்கிறார். அதுவும் போய்விட்டது. பால்கனிக் கதவின் நிலையில் முட்டி நின்றபோதுதான், கணவர் குளியலறையிலிருந்து துண்டோடு வெளியே வந்தார். மறுநாள் நான் சக்கரங்களை மாற்றிப் போடும்போது தேவராஜ் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். கோபமெல்லாம் இல்லை. மனசு நொந்து போயிருந்தார்.

"முப்பது வருசம் கிரேன் ஓட்டிகீறேன் மாஸ்டரு. எத்தினியோ கண்டெய்னரைத் தூக்கிகீறேன். என்னைக் கேக்காம ஒண்ணுகூட நவுந்ததில்ல."

கால்பங்கு மில்லிமீட்டர்

பெரம்பூர் முனுசாமி ரயில்வேயில் ஃபிட்டராக இருந்தவர். நான் அலமாரியை வண்டியிலிருந்து இறக்குவதற்குள் உள்ளே போய் வெர்னியர் காலிப்பரை எடுத்து வந்தார். பதினெட்டு எம்.எம். பிளைவுட் என்று நான் சொல்லியிருந்தேன். அவர் நான்கு இடத்தில் அளந்து, பதினேழே முக்கால்தான் இருக்கிறது என்று ஒரு நோட்டில் குறித்துக்கொண்டார். டிராயருக்கும் சட்டத்துக்கும் நடுவில் உள்ள இடைவெளி இடப்பக்கம் ஒரு மாதிரி, வலப்பக்கம் ஒரு மாதிரி. அதையும் குறித்தார். நான் கைகட்டி நின்றேன். பரீட்சையில் தோற்ற நாட்களில்கூட அப்படி நின்றதில்லை.

எல்லாம் முடிந்து, தான் கடைந்த சப்பாத்திக் கட்டையைப் பெருமையாகக் கொண்டு வந்து காட்டினார். நல்ல தேக்கு, நல்ல மெருகு. மேஜையில் வைத்து உருட்டினேன். நேராகப் போகாமல் வட்டமடித்துத் திரும்பி என்னிடமே வந்தது. ஒரு முனை பருமன், மறு முனை ஒல்லி. எனக்குள் ஏதோ ஒரு சின்ன சந்தோஷம். அவருடைய வெர்னியரைக் கையில் எடுத்தேன். அவர் அதை மெதுவாக என் கையிலிருந்து வாங்கிப் பெட்டிக்குள் வைத்து மூடினார்.

"இது கைவேலை மாஸ்டர். கைவேலைக்கெல்லாம் வெர்னியர் வைக்கக் கூடாது."

காற்றுப் புகாத டிராயர்

எண்ணூரில் ஒரு ஆபீஸ் குமாஸ்தாவுக்கு ஒரே நிபந்தனை: தூசி போகக் கூடாது. அந்த ஊரில் காலையில் துடைத்த ஜன்னலில் மதியம் பேர் எழுதலாம், ஆகவே ஆசை நியாயமானதுதான். பின்பக்கப் பலகையைப் பசை போட்டு அடைத்தேன். டிராயர்களை நூல் நுழையாத அளவுக்கு இறுக்கமாக இழைத்தேன். தூசி போகவில்லை. காற்றும் போகவில்லை. மேல் டிராயரைத் தள்ளி மூடினால், உள்ளே மாட்டிக்கொண்ட காற்று வேறு வழியில்லாமல் கீழ் டிராயரைத் திறந்துவிட்டது. கீழே மூடினால் மேலே திறந்தது. பின்பலகையில் ஓட்டை போட்டுச் சரிசெய்கிறேன் என்று துளைக்கும் மெஷினோடு போனேன். அவர் வேண்டாம் என்று தடுத்துவிட்டார். வருகிறவர்களுக்கெல்லாம் மூடி மூடிக் காட்டிக்கொண்டிருந்தார்.

"இருக்கட்டும் மாஸ்டர், எங்க ஆபீஸும் இதேதான். ஒரு டேபிள்ல ஃபைலை மூடினா இன்னொரு டேபிள்ல தொறந்துக்கும்."

நாற்பது டிராயர்

திருவொற்றியூரிலேயே பாத்திரக்கடை வைத்திருக்கும் செல்வின், தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். செல்போனில் வெளிநாட்டுக்காரர்களின் பட்டறைகளைப் பார்த்துப் பார்த்துக் கண் சிவந்தவர். முதலில் ஒரு அலமாரி கேட்டார். பிறகு இன்னொன்று. பிறகு உளிகளுக்கென்று தனியாக ஒன்று. மொத்தம் நாற்பது டிராயர். ஒவ்வொன்றுக்கும் லேபிள் அச்சடித்து ஒட்டினார். கருங்காலி என்று ஒரு டிராயர், சந்தனம் என்று ஒரு டிராயர். மெஷின் மட்டும் அட்டைப்பெட்டியிலேயே இருந்தது. எல்லாம் ஒழுங்கான பிறகு தொடங்கலாம் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

ஒரு வருஷம் கழித்து, ஒரு சக்கரம் கிறீச்சிடுகிறது என்று கூப்பிட்டார்கள். போனால் மூன்று அலமாரிகளும் சமையலறையில். கருங்காலியில் உளுந்து, சந்தனத்தில் கருவாடு. மெஷின் இருந்த அட்டைப்பெட்டிமேல் துணி விரித்து மிக்ஸியை வைத்திருந்தார்கள். செல்வின் கடைக்குப் போயிருந்தார். போயிருந்தாரோ, என்னைப் பார்க்க வெட்கப்பட்டுப் போனாரோ, தெரியாது. சக்கரத்துக்கு எண்ணெய் விட்டுவிட்டு, மெஷினை எப்போது வெளியே எடுக்கப் போகிறார் என்று அவர் மனைவியிடம் கேட்டேன்.

"மெஷினை யாருக்காவது குடுத்திரச் சொல்லுங்க. அலமாரி இருக்கட்டும். அவுகளுக்கு வந்த ஆசையில உருப்படியா வீட்டுக்கு வந்தது அது ஒண்ணுதான்."

என் பட்டறை

என்னிடம் பாலிஷ் வேலை பார்ப்பவர் ஸ்டெல்லா. பேச்சு குறைவு. ஒருநாள், பொருளுக்கு ஒரு இடம் வேண்டும், எடுத்ததை எடுத்த இடத்தில் வைக்க வேண்டும் என்று நான் ஒரு வாடிக்கையாளருக்குப் போனில் அரைமணி நேரம் பிரசங்கம் செய்தேன். போனை வைத்துவிட்டு அளவு டேப்பைத் தேடினேன். மரத்தூளுக்குள், பலகைக்கு அடியில், சைக்கிள் கூடையில். என் பட்டறையில் அலமாரியே கிடையாது. செய்ய நேரம் வரவில்லை. ஸ்டெல்லா பாலிஷ் துணியைக் கீழே வைக்காமலே, என் சட்டைப்பையைக் கண்ணால் காட்டினார்.

"ஊருக்கெல்லாம் சக்கரம் வக்கிறீங்க மாஸ்டர். நம்ம கடையில ஓடினு இருக்கறது நீங்க ஒருத்தர்தான்."

உண்மையைக் கேட்ட போன்

கத்திவாக்கம் சகாயமேரிக்குக் கடைசல் பொழுதுபோக்கு இல்லை, பிழைப்பு. மெழுகுவர்த்தித் தாங்கியும் பம்பரமும் கடைந்து கடைகளுக்குக் கொடுப்பார். கணவர் அந்தோணி படகில் வழுக்கி விழுந்து, தொடைவரை மாவுக்கட்டோடு வீட்டில் கிடந்த நேரம். இருப்பதே ஒரு அறை. நான் இடுப்புயர அலமாரியை உள்ளே தள்ளியபோது, காலை நீட்டவே இடமில்லை, இது வேறயா என்று அந்தோணி முகத்தைச் சுளித்தார். சமாதானமாக இருக்கட்டும் என்று, நான் அலமாரியின் தலையில் தட்டி, இதன்மேல் ஒரு ஆளே ஏறி உட்காரலாம் என்றேன். அது பொய். அன்றைக்குக் கடையில் பெரிய சக்கரம் இருப்பில் இல்லை. சின்னதைத்தான் மாட்டியிருந்தேன். அப்புறம் மாற்றலாம் என்று நினைத்து, மறந்தும் போனேன்.

மழைக்காலம் வந்தது. ஒருநாள் விடிந்து கொஞ்ச நேரத்தில் சகாயமேரியின் போன். வீட்டுக்குள் முழங்கால் தண்ணீர், இன்னும் ஏறுகிறது. அவர் அழவில்லை. "அந்த அலமாரி மெய்யாலுமே எவ்ளோ தாங்கும்ணா? எங்க வூட்டுக்காரரை அதுமேல ஒக்கார வச்சு ரோடு வரைக்கும் தள்ளப் போறேன். கரெக்டா சொல்லு."

வழக்கமாக விற்கும் பேச்சு நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிவிட்டு உண்மையைச் சொன்னேன். சின்னச் சக்கரம்தான் போட்டிருக்கிறேன், சாமானோடு ஆளும் ஏறினால் உடையும். எல்லா டிராயரையும் உருவிப் பரணில் போடுங்கள். அவரை நட்டநடுவில் உட்கார வையுங்கள். இரண்டு பக்கமும் ஆள் பிடித்துக்கொள்ளட்டும், பள்ளத்தில் இறக்காதீர்கள். அவர் என்னைத் திட்டவில்லை. சரி என்று வைத்துவிட்டார்.

புதுச் சக்கரங்களைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன். பஸ் பாதியில் நின்றுவிட்டது. மீதி தூரம் நடந்தேன், தண்ணீரில். வழியெல்லாம் என் கண்ணுக்குள் ஒரு அலமாரி கவிழ்ந்துகொண்டே இருந்தது. மெயின் ரோட்டில் என் அலமாரி நின்றிருந்தது. ஒரு சக்கரம் போயே போய்விட்டது, இன்னொன்று வளைந்திருந்தது. எதிரே மேட்டில் இருந்த சர்ச் ஹாலுக்குள் ஓடினேன். அந்தோணி பெஞ்சில் டீ குடித்துக்கொண்டிருந்தார். மாவுக்கட்டில் ஒரு சொட்டு ஈரம் இல்லை. தள்ளிக்கொண்டு வந்த சகாயமேரியும் பக்கத்து வீட்டுப் பெண்கள் இருவரும்தான் இடுப்புக்குக் கீழே நனைந்து, புடவையைப் பிழிந்துகொண்டிருந்தார்கள். பொய் சொல்லி விற்றதற்கு அவர்கள் எல்லார் முன்னாலும் மன்னிப்புக் கேட்டேன். பாதியிலேயே அந்தோணி கையைக் காட்டி நிறுத்தினார்.

"அத்த வுடு மாஸ்டரு, வந்து சேந்துட்டோம்ல. மேல ஒரு மெத்தை போட்டுக் குடுத்திருந்தா இன்னும் சொகுசா இருந்திருக்கும்."

மொத்தத்தில், மட்டம் பார்ப்பது என் வேலை, மட்டம் தட்டுவது வாடிக்கையாளர் வேலை, இரண்டு தரப்பும் இதுவரை வேலையில் குறை வைத்ததில்லை.