மேல்முறையீட்டில் இருக்கும் பணம்

ட்வைலா எஸ்டெப் சட்டக் கல்லூரியில் சேர்ந்தபோது அவளுக்கு முப்பத்தாறு வயது. அதற்கு முன் பதினோரு ஆண்டுகள் மேற்கு வர்ஜீனியாவின் தென்கோடியில் உள்ள எங்கள் நுரையீரல் மருத்துவமனையில் வேலை பார்த்தாள். நான் அங்கே எக்ஸ்ரே எடுப்பவன். அவள் சுரங்கத் தொழிலாளர்களுக்கு நிவாரண மனு எழுதித் தருபவள்.

நிலக்கரித் தூசியால் நுரையீரல் கெட்டவனுக்கு மாதாமாதம் பணம் தர வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. அதை வாங்கித் தரத்தான் வக்கீல் கிடைப்பதில்லை. ஜெயித்தால் மட்டுமே கூலி, அதுவும் பல வருடங்கள் கழித்து. விசாரணையில் கம்பெனிப் பக்கம் மூன்று வக்கீல்கள் உட்கார்ந்திருப்பார்கள். இந்தப் பக்கம் ஆக்ஸிஜன் சிலிண்டரோடு ஒரு கிழவர்.

அவள் அப்பா ஆர்வில் முப்பத்தொரு வருடம் சுரங்கத்தில் இருந்தவர். அவருக்கும் வக்கீல் கிடைக்கவில்லை. இந்த வகை வழக்கில் வக்கீல் அல்லாதவரும் வாதாடலாம் என்பதால் ட்வைலாவே வாதாடி ஜெயித்தாள். அதன் பிறகுதான் அவளுக்குப் படிக்கும் எண்ணம் வந்தது.

முதல் வருடம் கையிருப்பில் ஓடியது. இரண்டாம் வருடத்துக்கு ஓபல் கிரிம்ஸ்லி உதவித்தொகையை நம்பியிருந்தாள். கணவனைச் சுரங்கத்தில் பறிகொடுத்த ஒரு பெண்மணி எழுதி வைத்தது அது. வசதியில்லாத மாணவராக இருக்க வேண்டும், தொழிலாளர் நிவாரணச் சட்டத்தில் ஈடுபாடு இருக்க வேண்டும், நிபந்தனை இரண்டே. இரண்டு வருடமாக யாருமே விண்ணப்பிக்கவில்லை. அவளுக்குத்தான் என்று நாங்கள் எல்லோரும் நினைத்திருந்தோம்.

விண்ணப்பம் திரும்பி வந்துவிட்டது. குடும்ப வருமானம் வரம்பைத் தாண்டிவிட்டதாம். அந்த வசந்தத்தில்தான் ஆர்விலுக்கு நிலுவைப் பணம் நாற்பத்து மூவாயிரம் டாலர் மொத்தமாக வந்திருந்தது. அவரால் வங்கிக்குப் போக முடியாது என்று மகள் பேரையும் சேர்த்து வைத்திருந்த கணக்கில் அது விழுந்திருந்தது.

கடிதம் வந்த அன்று நான் அவர்கள் வீட்டில் இருந்தேன். ஆர்வில் மூக்கில் குழாயோடு பீன்ஸும் சோள ரொட்டியும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"நான் ஜெயிச்சது உனக்கு வினையா போச்சே."

"நீங்க எங்கப்பா ஜெயிச்சீங்க? நான்ல ஜெயிச்சேன். அதான் வம்பு."

"அப்போ அந்தப் பணத்தையே எடுத்துக் கட்டித் தொலை."

"அதுல கை வைக்கக் கூடாதுப்பா. உங்களுக்கே தெரியும்."

நேரில் பேச அனுமதி கேட்டு எழுதினாள். கிடைத்தது. அவள் கார் படுத்துவிட்டதால் நான்தான் நான்கு மணி நேரம் ஓட்டிக்கொண்டு போனேன். நானும் உள்ளே போய் ஓரமாக உட்கார்ந்தேன். உதவித்தொகைக் குழுவில் மூன்று பேர்: ஓய்வுபெற்ற நீதிபதி பிராட், கிரிம்ஸ்லி அம்மாளின் மருமகனான ஒரு பல் டாக்டர், கல்லூரியின் நிதிப் பொறுப்பாளர் டெனிஸ் என்ற பெண்.

"கணக்குல பணம் இருக்கா இல்லையா?" என்று டெனிஸ் கேட்டாள்.

"இருக்குங்க. ஆனா எங்களுது இல்ல."

"பின்ன யாரோடது?"

"இன்னும் முடிவாகல. கம்பெனி மேல்முறையீடு போயிருக்கு. அது முடியற வரைக்கும் அரசாங்க நிதியிலேர்ந்து இடைக்காலமா குடுக்கறாங்க. நாளைக்குக் கம்பெனி ஜெயிச்சா, எங்கப்பா வாங்கின ஒவ்வொரு டாலரையும் அரசாங்கம் திருப்பிக் கேக்கலாம்."

"அப்படிக் கேப்பாங்களா என்ன?"

"ஆஸ்பத்திரியில என் மேசைக்கே அப்படி ஆறு நோட்டீஸ் வந்திருக்கு. ஒருத்தர் அதுக்குள்ள வீட்டுக்குக் கூரை மாத்திட்டாரு. அவரு எங்கேர்ந்து குடுப்பாரு?"

நீதிபதி கையை நீட்டினார். "எந்த விதி, காட்டு."

அவள் தாளைக் கொடுத்தாள். அவர் இரண்டு முறை படித்தார். "இருபத்தாறு வருஷம் நீதிபதியா இருந்தேன். இது எனக்குத் தெரியாதும்மா."

"இதெல்லாம் தெரிஞ்ச ஆளு வரணும்னுதானே எங்க அத்தை பணத்த வெச்சுட்டுப் போனாங்க?" என்றார் பல் டாக்டர். "வந்தவளையும் வெரட்டிட்டு யாருக்குக் குடுக்கறதா உத்தேசம்?"

டெனிஸ் கடைசிவரை ஒத்துக்கொள்ளவில்லை. இரண்டுக்கு ஒன்று என்று முடிந்தது.

திரும்பும் வழியில் பெட்ரோல் போட நிறுத்தியபோதுதான் ட்வைலா வாய் திறந்தாள். "ரொம்ப வேகமா பேசிட்டேனோ?"

"இல்லையே" என்றேன். பேசியிருந்தாள்.

ஆர்வில் பதினான்கு மாதம் கழித்து இறந்தார். மேல்முறையீடு அப்போதும் நிலுவையில்தான் இருந்தது. அடக்கம் முடிந்த ஐந்தாம் நாள் அவள் தேர்வு எழுதினாள். படிப்பு முடிவதற்குச் சற்று முன், மேல்முறையீடு தள்ளுபடி, பழைய தீர்ப்பு செல்லும் என்று ஆர்வில் பெயருக்குக் கடிதம் வந்தது. கையெழுத்துப் போட்டு அவள்தான் வாங்கினாள்.

இப்போது எங்கள் ஊரிலேயே அலுவலகம் வைத்திருக்கிறாள். மருந்துக் கடைக்கு மேலே ஒரு அறை பாதி வாடகைக்குக் கிடைப்பதாக இருந்தது. நானும் அதைத்தான் எடுக்கச் சொன்னேன்.

"மாடிப்படி ஏற முடிஞ்சவன் என்கிட்ட எதுக்குடா வரான்?" என்று கேட்டுவிட்டு, முழு வாடகைக்கு வேறொரு தரைத்தள அறையை எடுத்தாள்.

போன வருடம் முடிந்த வழக்குகள் பதினேழு. அதில் பதினொன்றில் ஜெயித்தாள். இப்போதெல்லாம் முப்பத்தைந்து வயதுக்காரர்களும் எக்ஸ்ரே எடுக்க வருகிறார்கள். சளி என்று நினைத்துக்கொண்டு வருகிறார்கள். நிலக்கரித் தூசி என்று டாக்டர் பார்த்துச் சொன்ன பிறகு, அவர்களுக்கு ட்வைலாவின் அலுவலகத்துக்கு வழி சொல்லி அனுப்புகிறேன்.