மூன்று முழத்துக்குக் கீழே

என் ஒரே தங்கையின் கல்யாணத்தை ஒரு செம்புச் சுரங்கத்துக்காக நான் தடுத்து நிறுத்தியிருக்கிறேன். சுரங்கம் எங்கள் தோட்டத்தில் முந்திரிகைப் பந்தலுக்கு, அதாவது திராட்சைப் பந்தலுக்கு, கீழே இருந்தது. இருந்தது என்று நம்பியவன் இந்தப் பூமியில் நான் ஒருவன்தான். சின்ன வயதில் செய்த மடத்தனம் என்று சொல்லித் தப்பவும் வழியில்லை. அப்போது எனக்கு முப்பத்தாறு வயது. உடுப்பிட்டியில் ஆங்கிலம் படிப்பித்துக்கொண்டிருந்தேன். எனக்கு மூளை இருக்கிறது என்று அரசாங்கமே மாதாமாதம் ஒப்புக்கொண்டிருந்த காலம் அது.

மூளையைக் கெடுத்தது புத்தகம். ஊரைவிட்டுப் போன ஒரு பழைய பள்ளிக்கூட அதிபரின் வீட்டுச் சாமான்களை ஏலம் விட்டபோது ஆங்கிலக் கலைக்களஞ்சியம் ஒன்றை எடுத்திருந்தேன். முழுத் தொகுதி அல்ல, கறையான் தின்று மிச்சம் விட்ட ஏழெட்டுப் பாகங்கள். ஆங்கில எழுத்து வரிசையில் செம்பு வரும் பாகம் இருந்தது. தங்கம் வரும் பாகமும் இருந்தது. சுண்ணாம்புக்கல் வரும் பாகத்தைக் கறையான் தின்றிருந்தது. யாழ்ப்பாணத்தான் ஒருவன் படித்திருக்க வேண்டிய ஒரே பாகம் அதுதான் என்பது எனக்குப் பிறகுதான் விளங்கியது.

தாய் தகப்பன் இல்லை. வீட்டில் நானும் தங்கையும் மட்டும். அவள் முப்பதைத் தாண்டியிருந்தாள். வந்த சம்பந்தங்கள் எல்லாம் குறிப்புப் பொருந்தவில்லை, நிறம் காணாது, அண்ணன்காரன் கனக்கக் கதைக்கிறான் என்று ஏதோ ஒரு காரணத்தால் திரும்பிப் போயிருந்தன. இந்த முறை வந்தது நல்லூரிலிருந்து. மாப்பிள்ளையைப் பிடித்திருக்கிறது என்று அவள் வாயால் சொல்லவில்லை. அவர் வந்து பார்த்துவிட்டுப் போன மறுநாள் கிணற்றடியில் மெல்லப் பாடினாள். அவள் பாடி நான் கேட்டது அதுவே முதல் தடவை. இதுவும் தவறினால் இனியொன்று வராது என்பது எங்கள் இருவருக்கும் தெரியும்.

அந்த நாட்களில்தான் படலையில் ஒரு ஜீப் வந்து நின்றது.

இறங்கியவர் கொழும்பில் மண்ணும் கல்லும் ஆராயும் ஏதோ ஒரு திணைக்களத்து உத்தியோகத்தர். கதைக்கிற விதத்தைப் பார்த்தால் யாழ்ப்பாணத்துப் பிள்ளைதான். கையில் சிறிய மண்வெட்டி, ஓர் அரிதட்டு, கட்டுக்கட்டாகத் துணிப்பைகள்.

“மாஸ்டர், இந்தத் தோட்டத்திலை கொஞ்சம் மண் எடுக்கலாமோ?”

“என்னத்துக்கு?”

“ஒப்பிட்டுப் பாக்க.”

“எதோடை?”

“வேறை இடத்து மண்ணோடை.”

அரசாங்க உத்தியோகத்தர்கள் இப்படிச் சுருக்கமாகப் பதில் சொல்வதை நான் கண்டதில்லை. இல்லாத விசயத்தைச் சொல்லத்தான் அவர்கள் நேரம் எடுப்பார்கள். இவ்வளவு சுருக்கமென்றால் உள்ளே ஏதோ இருக்கிறது. திருகோணமலைப் பக்கத்துக் காட்டில் செம்பு கிடக்கிறதாம் என்று ஊரில் அடிபட்ட கதையும் ஞாபகத்துக்கு வந்தது. அவர் மண்ணை அரித்துப் பையில் போட்டு, மையால் ஓர் இலக்கத்தை எழுதிக் கட்டினார்.

“உரம், மருந்து ஏதும் போடுறனீங்களோ?”

“ஆட்டெரு மட்டுந்தான்.”

இது பொய். முந்திரிகை இலையில் பூஞ்சணம் பிடிக்காமலிருக்க எல்லோரையும் போல நானும் துரிசும் சுண்ணாம்பும் கலந்த நீல மருந்து அடிப்பேன். துரிசு கிடைப்பது அரிதாயிருந்த காலம். எனக்கு ஒரு பீப்பா நிறைய, சங்கக் கடையின் பின்கதவால் வந்திருந்தது. அரசாங்கத்து ஜீப்பைப் பார்த்தபடி அந்தப் பீப்பாவைப் பற்றிப் பேச நான் அரிச்சந்திரன் அல்ல. கொடிகளை வெட்டிவிட்டிருந்ததால் காட்டிக்கொடுக்க ஒரு நீல இலைகூடப் பந்தலில் இல்லை.

அடுத்த கிழமை மாப்பிள்ளையின் தகப்பன் காணி பார்க்க வந்தார். வேலையிலிருந்து இளைப்பாறிய ஸ்டேசன் மாஸ்டர். வெயிலுக்கும் மழைக்கும் சம்பந்தமில்லாமல் குடையோடு திரிகிறவர். சீதனமாகப் பனங்காணியைத் தருவதென்று ஏற்கெனவே பேச்சு. தங்கை தேநீர் கொடுத்தாள். குடித்தார், கோப்பையைப் பார்த்தார், இன்னொரு கோப்பை கேட்டார்.

“உது இந்தத் தோட்டத்துக் கிணத்துத் தண்ணியோ, பிள்ளை?”

“ஓம், ஐயா.”

“சும்மா ஒருக்கா நடந்துபோட்டு வாறன்” என்று தனியே எழுந்து பந்தல் பக்கம் போனார். நான் யன்னலால் பார்த்துக்கொண்டு நின்றேன். பந்தலின் பின்னால் சட்டென்று நின்றார். யாரும் பார்க்கிறார்களா என்று இரு பக்கமும் பார்த்தார். குனிந்து, குடைநுனியால் காலடியில் எதையோ கிளறினார். பிறகு அந்த நுனியை மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோய் மணந்து பார்த்தார்.

நிலம் பார்க்க வந்த ஒருவர் விளைச்சலைக் கேட்பார், எல்லையைக் கேட்பார். மண்ணை மணந்து பார்ப்பாரா? திரும்பி வந்தவர் கதிரையில் இருந்ததும் சொன்னார்:

“தம்பி, பனங்காணி வேண்டாம். உந்தத் தோட்டத்தை எழுதுங்கோ. பனங்காணியை நீங்களே வைச்சிருங்கோ.”

பெரிய காணியை விட்டுவிட்டுச் சிறிய தோட்டத்தைக் கேட்கிறார்! எனக்கு உள்ளங்கால் கூசியது. கொழும்பிலுள்ள திணைக்களத்துக்கும் நல்லூருக்கும் இடையில் எனக்குத் தெரியாத ஒரு சொந்தம் இருக்கிறது என்று அன்றே தீர்மானித்துவிட்டேன். யாழ்ப்பாணத்தில் எந்த இரண்டு பேருக்கும் இடையில் ஒரு சொந்தம் இருக்கத்தான் செய்யும், ஆகவே இதற்குச் சாட்சி தேவைப்படவில்லை.

கொஞ்ச நாளில் ஜீப் மறுபடியும் வந்தது. ஒருமுறை வந்தால் அது கடமை. இரண்டாம் முறை அரசாங்கம் ஒரு தனியார் வளவுக்கு வருமென்றால்? இந்த முறை நாடா பிடித்து அளந்து, பந்தலின் மூலைக்கு மூலை மண் எடுத்தார்கள். உத்தியோகத்தர் சாரதியின் காதுக்குள் ஏதோ சொன்னார். சாரதி தலையைச் சொறிந்தார். பிறகு என்னிடம் அதே கேள்வி.

“ஆட்டெரு மட்டுந்தானோ? வடிவா யோசிச்சுச் சொல்லுங்கோ.”

“என்ரை தோட்டத்தைப் பற்றி எனக்குத் தெரியாதோ?”

அவர்கள் போனபின் பந்தலைச் சுற்றி வந்தேன். கிணற்றுக்குப் பக்கத்திலுள்ள தட்டைக் கல்லில் பச்சையும் நீலமுமாய்ப் படை படர்ந்திருந்தது. ஓடிப்போய்ப் புத்தகத்தைப் பிரித்தேன். செம்பு இருக்கும் நிலத்தில் கல்லின்மேல் பச்சைக் கறை படரும் என்று போட்டிருந்தது. செம்பு கிடக்குமிடத்தில் சிலவேளை தங்கமும் கிடக்கும் என்றும் போட்டிருந்தது. ‘சிலவேளை’ என்ற சொல்லை நான் வாசித்தேனா என்பது இப்போது நினைவில்லை.

தங்கையின் கல்யாணமும் நடக்க வேண்டும், சுரங்கமும் கைவிட்டுப் போகக்கூடாது. யோசித்துக்கொண்டு, காணி உறுதி எழுதும் நொத்தாரிசிடம் போனேன். நாங்கள் பங்கு பிரிப்பதில் பேர்போனவர்கள். ஒரு கிணற்றை எட்டாய்ப் பிரிப்போம். எல்லையில் நிற்கும் பனையின் மட்டை ஒருவனுக்கு, பழம் மற்றவனுக்கு என்று எழுதுவோம். ஆகவே என் யோசனை எனக்குப் பிழையாகப் படவில்லை. தோட்டத்தின் மேல்மண் மூன்று முழம் தங்கைக்குச் சீதனம். அதற்குக் கீழே உள்ளது எதுவோ, அது எனக்கு.

நொத்தாரிசு கண்ணாடியைக் கழற்றினார்.

“மாஸ்டர், காணியை நெடுக்காலையும் பிரிச்சிருக்கிறன், குறுக்காலையும் பிரிச்சிருக்கிறன். பாய் மாதிரிப் படுக்கையாய்ப் பிரிச்சதில்லை.”

“ஏலாதோ?”

“எழுதலாம். யாழ்ப்பாணத்திலை எழுத ஏலாத உறுதி எண்டு ஒண்டில்லை. சம்பந்தி வீட்டுக்காரர் என்ன சொல்லுவினமோ தெரியாது.”

சம்பந்தி வீட்டுக்காரர் என்ன சொன்னார் என்பதை எங்கள் வீட்டு விறாந்தையிலேயே கேட்க நேர்ந்தது. வரைவை இரண்டு தரம் வாசித்த ஸ்டேசன் மாஸ்டர் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார்.

“தம்பி, இந்தக் கிணத்திலை தண்ணி எத்தினை முழத்திலை கிடக்கு?”

மூன்று முழத்தில் தண்ணீர் கிடக்கும் கிணறு உடுப்பிட்டியில் இல்லை.

“அப்ப என்ரை மருமோள் வாளியை விடேக்கை உங்களிட்டை உத்தரவு கேட்டோ விடவேணும்?”

“தண்ணியை விட்டுத்தாறன், ஐயா. எழுதிவிடுவம்.”

“தண்ணி வேண்டாமெண்டால் பிறகு எதைத்தான் மறிச்சு வைச்சிருக்கிறியள்?”

“ஒண்டுமில்லை. சும்மா.”

“சும்மாவோ? சும்மா ஆரும் அடிநிலத்தை மறிப்பினமோ?” அவர் குரல் தணிந்தது. “உண்மையைச் சொல்லும். உதுக்குள்ளை ஆரையும் தாட்டு வைச்சிருக்கிறியளோ?”

நான் சிரிக்கப் பார்த்தேன். கொலைகாரன் ஒருவன் எப்படிச் சிரிப்பானோ அப்படித்தான் அது வந்திருக்க வேண்டும். அவர் குடையை எடுத்துக்கொண்டு எழும்பினார். கோப்பையில் பாதித் தேநீர் அப்படியே இருந்தது.

தங்கை வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். கோப்பையை எடுக்க வந்தவள் என் முகத்தைப் பாராமல் சொன்னாள்:

“அண்ணை, என்னையும் உப்பிடியே பிரிச்சு எழுதிவிடுங்கோ. தலைப்பக்கம் அவையளுக்கு, கால்பக்கம் உங்களுக்கு. அடுப்படியிலை நிண்டு சமைக்கக் கால் வேணுமெல்லோ.”

அதன் பிறகு அவள் என்னோடு கதைக்கவில்லை. சோறு வைத்தாள், சொதி விட்டாள். கிணற்றடியில் பாட்டு இல்லை. அவளிடம் சுரங்கத்தைப் பற்றிச் சொல்லிவிடலாமா என்று யோசித்தேன். ஆனால் அவள் சந்தோசத்தில் யாரிடமாவது சொல்லிவிட்டால்? சொந்தத் தங்கையையே சந்தேகிக்கும் கட்டத்துக்கு வந்துவிட்டேன் என்பது அப்போது எனக்கு முன்யோசனையாகத் தெரிந்தது.

ஒரு சனிக்கிழமை காலை ஸ்டேசன் மாஸ்டர் திரும்பவும் வந்தார். அவர் சட்டைப் பையில் மஞ்சள் பூசிய கடதாசியின் முனை தெரிந்தது. தங்கையின் சாதகக் குறிப்பு. சம்பந்தம் முறிந்தால் குறிப்பைத் திருப்பிக் கொடுப்பது மரியாதை. தங்கை அதைக் கண்டுவிட்டு உள்ளே போனாள். அவர் இன்னும் உட்காரவில்லை, படலையில் ஜீப் சத்தம்.

உத்தியோகத்தரின் முகம் கடுகடுவென்றிருந்தது.

“மாஸ்டர், கடைசித் தரமாய்க் கேக்கிறன். உந்த மண்ணுக்கு என்ன செய்தனீங்கள்?”

இனி மறைப்பதில் பயனில்லை என்று பட்டது. “அதை நீங்களெல்லோ சொல்லவேணும். எவ்வளவு கிடக்கு?”

“என்ன எவ்வளவு?”

“செம்பு. தங்கத்தைப் பிறகு கதைப்பம்.”

அவர் என்னையும் ஸ்டேசன் மாஸ்டரையும் மாறிமாறிப் பார்த்தார். பிறகு, வகுப்பில் கடைசி வாங்கில் இருப்பவனுக்கு நான் சொல்லிக்கொடுப்பதுபோலச் சொன்னார்:

“நாங்கள் செம்பு தேடுறது திருகோணமலைப் பக்கத்துக் காட்டிலை. அங்கை எடுத்த மண்ணிலை செம்பு கூடவோ குறையவோ எண்டு எப்பிடித் தெரியும்? செம்பே இல்லாத ஒரு இடத்து மண்ணை வைச்சுத்தான் பாக்கவேணும். யாழ்ப்பாணம் அடிமட்டும் சுண்ணாம்புக்கல். இஞ்சை ஒண்டுமில்லை எண்டு தெரிஞ்சுதான் வந்தனாங்கள். மற்ற எல்லா வளவும் ஒழுங்காய் ஒண்டுமில்லை எண்டு சொல்லுது. உங்கடை ஒண்டுதான் எங்களைக் கொல்லுது.”

“துரிசு” என்றது ஒரு குரல்.

தங்கை வாசலில் நின்றாள்.

“அண்ணை வருசாவருசம் முந்திரிகைக்குத் துரிசு அடிக்கிறவர். உந்தத் தட்டைக் கல்லுக்கு மேலை வைச்சுத்தான் கலக்கிறவர். மிச்சம் கிடந்தால் பந்தலுக்குக் கீழை ஊத்திவிடுவார். பீப்பா கொட்டிலுக்கை சாக்காலை மூடிக் கிடக்கு. வேணுமெண்டால் பாருங்கோ.”

கொட்டிலுக்குப் போனோம். சாக்கை நீக்கினார்கள். துரிசு என்பது செம்பிலிருந்து செய்யும் உப்பு. பீப்பாவின் வயிற்றில் அந்தச் செம்பின் பெயர் கொட்டை எழுத்தில், ஆங்கிலத்தில் போட்டிருந்தது. அந்தப் பாஷையைப் படிப்பிக்கத்தான் எனக்குச் சம்பளம்.

“நான் ரண்டு தரம் கேட்டனான்” என்றார் உத்தியோகத்தர்.

“ஓம். கேட்டனீங்கள்.”

பீப்பா எங்கிருந்து வந்தது என்று அவர் கேட்கவேயில்லை. அவர் ஜீப்பிலிருந்து எங்கள் தோட்டத்துப் பைகளை எடுத்து, ஒவ்வொன்றாக அவிழ்த்து, படலையடியில் கொட்டிவிட்டுப் போனார்.

ஸ்டேசன் மாஸ்டர் குறிப்பின் முனையை விரலால் தடவிக்கொண்டிருந்தார்.

“அப்ப அடியிலை ஒருத்தரும் இல்லை?”

“இல்லை, ஐயா. கல்லும் தண்ணியுந்தான்.”

“ரண்டையும் பிள்ளைக்கே எழுதும்” என்று குறிப்பைப் பைக்குள் ஆழத் தள்ளினார். “எங்கடை வளவிலை தண்ணி சவர். தேத்தண்ணி போட்டால் வாயிலை வைக்க ஏலாது. நான் உந்தக் கிணத்துக்காகத்தான் தோட்டத்தைக் கேட்டனான்.” பிறகு உட்பக்கம் திரும்பி, “பிள்ளை, அண்டைக்கு அரைவாசியிலை விட்டுட்டுப் போனனான். ஒரு தேத்தண்ணி தாறியோ?” என்றார்.

உள்ளே அடுப்பூதும் சத்தம் கேட்டது. அதோடு மெல்லிய குரலில் ஒரு பாட்டும்.

உறுதி எழுதும்போது, பூமியின் நடு மையம்வரை தங்கைக்கே என்று எழுதச் சொன்னேன். அவ்வளவு தேவையில்லை என்றார் நொத்தாரிசு. ஆவணியில் கல்யாணம் நடந்தது. ஸ்டேசன் மாஸ்டர் தேநீருக்காகவே நல்லூரிலிருந்து பஸ் ஏறி வருவது வழக்கமாயிற்று. ஒருநாள் இருவரும் பந்தலடியில் இருந்தபோது, என்னை அரித்துக்கொண்டிருந்த கடைசிச் சந்தேகத்தைக் கேட்டேன்.

“ஐயா, முதல்முதல் வந்தண்டைக்குக் குடைநுனியாலை மண்ணைக் கிளறி மணந்து பாத்தனீங்கள். அதிலை என்னத்தைக் கண்டனீங்கள்?”

அவர் தேநீர்க் கோப்பையை இறக்கி வைத்தார்.

“ஓ, அதுவோ தம்பி? நாய் ஏதோ பண்ணிவைச்சிருந்தது. மிதிச்சிட்டனோ எண்டு எனக்கு ஒரு ஐமிச்சம்.”