வாசல் கேட்டுக்கு என்று வாங்கிய கம்பி

என் தங்கை காவேரிக்கு எதையும் சுத்தமாகக் கழுவத் தெரியாது என்று அவள் புகுந்த வீட்டில் சொல்லுகிறார்கள். அது பொய். அந்தப் பொய் நிலைத்து நிற்கக் காரணம் நான்.

முதலிலேயே சொல்லிவிட்டேன். இதற்குமேல் படிப்பது உங்கள் விருப்பம். நான் ஐந்தாவது வரை படித்தவன். நாலு பேர் முன்னால் எனக்கு வாய் வராது. எழுதினால் கொஞ்சம் வருகிறது... அதனால் எழுதுகிறேன்.

மாரண்டஹள்ளியில் வாசல் கேட், ஜன்னல் கம்பி செய்து கொடுக்கிற பட்டறை வைத்திருக்கிறேன். காவேரியின் வீட்டுக்காரர் மாதேஷ், ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறவர். கம்பெனிக்காரர்கள் எங்கோ தோட்டத்தில் கோழி சுட்டுச் சாப்பிட்டதைப் பார்த்துவிட்டு வந்து, தன் வீட்டுக்குப் பின்புறம், தக்காளித் தோட்டத்தை ஒட்டிச் செங்கல்லில் ஓர் அடுப்புக் கட்டினார். ஞாயிற்றுக்கிழமைகளில் உறவுக்காரர்களும் கூட வேலை செய்கிறவர்களும் வர ஆரம்பித்தார்கள்.

கட்டியது அவர். அடுப்பைப் பிடித்துக்கொண்டது காவேரி. கரி எப்போது சிவக்கும், கறியை எப்போது புரட்டவேண்டும், எந்த ஓரத்தில் சூடு குறைவு... எல்லாம் அவளுக்குச் சீக்கிரமே கைவந்துவிட்டது. விருந்தாளி வந்தால் சமையல்கட்டை விட்டு வெளியே வராத பெண், இடுக்கியோடு கூட்டத்தின் நடுவில் நின்றாள்.

"தட்ட நீட்டுங்க மாமா. வெந்தது உங்களுக்கு, கருகுனது எங்கூட்டுக்காரருக்கு!"

எல்லோரும் சிரிப்பார்கள். மாதேஷும் சிரிப்பார். நான் ஓரமாக உட்கார்ந்து பார்ப்பேன். அவள் அவ்வளவு சத்தமாகப் பேசி அதற்கு முன் நான் கேட்டதில்லை. எங்கள் வீட்டில் யாருக்குமே சத்தம் வராது.

அடுப்பின்மேல், கறியை வைத்துச் சுட, முதலில் கட்டடக் கம்பியில் ஒரு சட்டம் போட்டிருந்தார்கள். அது துருவேறி உதிர்ந்தது. எவர்சில்வரில் மாற்றிவிடலாம் என்றார் மாதேஷ். "மச்சான் இருக்கையில நமக்கென்ன கவலை? கம்பியத் தொட்டாவே அதோட ஜாதகத்தச் சொல்லிருவாருங்க" என்று வந்தவர்களிடம் என்னைக் காட்டினார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். ஆனால் உள்ளுக்குள் எவ்வளவு சந்தோஷம்! அந்த வீட்டில் எனக்கென்று இருந்தது அந்த ஒரு பேர்தான்.

எவர்சில்வர் கம்பி எடுக்கத் தருமபுரிக்குப் போனேன். கடையில் கூட்டம்.

"எதுக்குங்க?" என்றார் கடைக்காரர்.

கோழி சுட என்று சொல்லவேண்டும். சொன்னால் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். எப்படிச் சுடுவீங்க, என்ன அடுப்பு என்று கேட்பார்கள். நான் நின்று விளக்கவேண்டும்...

"கேட்டுக்கு" என்றேன்.

"கேட்டுக்குன்னா இந்த 202 ரகம் போதுமுங்க. நெருப்பு, உப்பு, புளிப்பு படற எடத்துக்குத்தான் அந்த 304. ஓட்டல்காரங்க அதத்தான் கேப்பாங்க."

நன்றாகக் காதில் விழுந்தது. 'அதையே கொடுங்க' என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? கேட்டுக்கு எதுக்குங்க அது என்று அவர் கேட்டால்? நான் சொன்னது பொய் என்று எல்லோருக்கும் தெரிந்துவிடுமே! அவர் எடுத்து வைத்த கம்பியைத் தூக்கிக்கொண்டு வந்தேன்.

சட்டத்தை நன்றாகத்தான் செய்தேன். கறித்துண்டு கீழே விழாதபடி விரல் அளவு இடைவெளி, பற்றவைத்த இடமெல்லாம் தேய்த்துப் பளபளப்பு. மாதேஷ் பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தத்தை வைத்துப் பார்த்தார். எங்கள் பக்கத்தில் எவர்சில்வருக்கு அதுதான் பரீட்சை. காந்தம் ஒட்டவில்லை. "ஒரிஜினலுங்க மச்சான்!" என்றார். 202 ரகத்திலும் காந்தம் சரியாக ஒட்டாது. பட்டறைக்காரன் எனக்கு அது தெரியும். பேசாமல் நின்றேன்.

மழைக்காலம் வந்தது. உப்பும் எலுமிச்சையும் தயிரும் கம்பியில் ஊறின. ஒரு ஞாயிறு, மாதேஷின் சூப்பர்வைசர் குடும்பத்தோடு வந்திருந்தார். அவர் மனைவி ஒரு கறித்துண்டைக் கையில் எடுத்தார், திருப்பிப் பார்த்தார். செங்காவி நிறத்தில் ஒரு துருக்கோடு. தட்டின் ஓரத்தில் வைத்துவிட்டார்.

மாதேஷின் முகம் செத்துப்போனது. காவேரியைப் பார்த்தார்.

"ராவெல்லாம் தண்ணியிலயே போட்டு வெச்சியா?"

"இல்லீங்க. சாம்பல் போட்டுத் தேச்சு, துணியில தொடச்சு, உள்ளதான் மாட்டி வெச்சேன்."

"தொடச்ச லட்சணந்தான் தெரியுதே" என்றார் அவள் மாமியார்.

மாதேஷ் காந்தத்தைக் கொண்டுவந்து எல்லோர் முன்னாலும் மறுபடி வைத்துக் காட்டினார். ஒட்டவில்லை. கம்பிமேல் குற்றம் இல்லை என்றாகிவிட்டது.

"மச்சான், நீங்களே சொல்லுங்க. எவர்சில்வர் துரு புடிக்குமா?"

காவேரி என்னைப் பார்த்தாள். அண்ணன் சொல்லுவான் என்று பார்த்தாள்.

"ஈரம் நின்னா... புடிக்கும்" என்றேன்.

இது பொய்யா, சொல்லுங்கள்! ஒவ்வொரு எழுத்தும் உண்மை. அப்படித்தான் பல நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் அந்த இடத்தில் அந்த வார்த்தைக்கு இருந்த அர்த்தம் வேறு. அவள் கழுவவில்லை என்பதுதான் அர்த்தம். அவள் தலையைக் குனிந்துகொண்டு இடுக்கியை அடுப்பு ஓரத்தில் வைத்தாள்.

பிறகு நான் என்ன செய்தேன் தெரியுமா? ஓசூருக்குப் போய், தெரியாத ஒரு கடையில், 304 ரகத்தில் தடித்த கம்பியாக வாங்கிப் புதுச் சட்டம் செய்தேன். "தடிமனா இருந்தா சூடு நின்னு எரியும், மாப்ள" என்று மட்டும் சொல்லிக் கொடுத்தேன். பழையதை எடுத்து வந்து துண்டு துண்டாக அறுத்துப்போட்டேன். இதோடு சரியாகிவிடும் என்று நினைத்தேன். முட்டாள்!

புதுச் சட்டத்தைக் காவேரி தொடக்கூடாது என்று மாதேஷ் சொல்லிவிட்டார். அவரே சுட்டார், அவரே கழுவினார். அடுத்த மழைக்காலமும் போனது. ஒரு புள்ளி துரு இல்லை.

"பாத்தீங்களா மச்சான்? எல்லாம் கழுவுற கையில இருக்குது" என்றார்.

சரிசெய்யப் போனவன் சாட்சியைச் செய்து கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். அப்போதாவது சொல்லியிருக்கலாம். இரண்டு கம்பியும் வேறு வேறு மாப்ள என்றால் போதும். அப்படியானால் முன்பு ஏன் மறைத்தீர்கள் என்பார்... மாமியார் என்ன சொல்லுவார்... தலையை ஆட்டிவிட்டு என் தட்டைப் பார்த்துக்கொண்டேன். காவேரி உள்ளே வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் இப்போதெல்லாம் அவள் வெளியே வருவதில்லை. மாதேஷ் நன்றாகச் சுடுகிறார் என்று வருகிறவர்கள் சொல்லுகிறார்கள்.

போன ஆடிப் பதினெட்டுக்கு என் வீட்டுக்கு வந்தாள். சாப்பிட்டு முடிந்ததும் வேண்டாமென்று சொல்லியும் கேட்காமல் பாத்திரம் கழுவ உட்கார்ந்தாள். ஒவ்வொன்றையும் இரண்டுமுறை தேய்த்தாள். துடைத்தாள். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பக்கத்தில் யாருமில்லை. சொல்லிவிட இதைவிட நல்ல நேரம் கிடைக்காது என்று எனக்குத் தெரிந்தது.

"காவேரி..." என்றேன்.

அவள் நிமிர்ந்து, கையிலிருந்த தட்டை என்னிடம் நீட்டினாள்.

"எனக்குத்தான் கண்ணு சரியாத் தெரியறதில்ல போல. ஈரம் இருக்குதா பாருண்ணா."

வாங்கி விரலால் தடவிப் பார்த்தேன். "இல்ல" என்றேன்.

அவள் அடுத்த தட்டை எடுத்தாள்.