வை என்று சொல்ல ஒருத்தி

என் மனைவியின் மேல் எனக்குச் சந்தேகம் வந்ததே இல்லை. வந்தது பொறாமை. அதுவும் ஓர் ஆண்பிள்ளையின் மேல் வந்திருந்தால் கேட்கிறவர்கள் நியாயம் என்றாவது சொல்லியிருப்பார்கள். எனக்கு வந்தது ஆமத்தூரிலிருந்து பஸ் ஏறி வருகிற ஒரு பெண்ணின் மேல்.

பட்டாசுக் கம்பெனியில் மருந்து செலுத்தும் அறையில் என் மனைவியும் அவளும் பல வருடம் எதிரெதிரே உட்கார்ந்து வேலை பார்த்தவர்கள். ஆமத்தூர்க்காரிக்கு வயது கொஞ்சம் கூடுதல். முன்னால் ஒரு தெற்றுப்பல் உண்டு, சிரித்தால் கையால் வாயை மூடிக்கொள்வாள். யோசித்துப் பார்த்தால், கல்யாணமான நாளிலிருந்து என் மனைவி விழித்திருந்த நேரத்தில் பாதிக்கு மேல் அவள் முகத்தைத்தான் பார்த்திருக்கிறாள். இப்படி ஒருநாளும் நான் யோசித்ததில்லை. போன வருடம்தான் யோசித்தேன். அதிலிருந்து வயிறு எரிகிறது.

போன வருடம் பங்குனியில், கம்பெனி வண்டிக்காக நின்றுகொண்டிருந்த என் மனைவி தலை வலிக்கிறது என்று கீழே உட்கார்ந்தாள், அப்படியே சாய்ந்தாள். மதுரைக்குக் கொண்டுபோனோம். மூளையின் முன்பக்கத்தில் ஒரு ரத்தக்குழாய் வெடித்திருக்கிறது என்றார்கள். ஆபரேஷன் ஆனது, பிழைத்தாள். கை கால் விளங்கியது. பேச்சு குழறவில்லை. ரேஷன் கார்டு எந்த டப்பாவில் இருக்கிறது என்பதுகூட அவளுக்கு நினைவிருந்தது. பார்க்க வந்தவர்கள் எல்லாம் பெரிய புண்ணியம் என்றார்கள். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன், வீட்டுக்கு வந்த பிறகு ஒரு கூடைப் பூண்டை அவள் முன்னால் வைக்கிறவரை.

குழம்புக்கு நாலு பல் போதும். அவள் கூடை முழுவதையும் உரித்தாள். "போதும்" என்றேன். "போதும்தான்" என்று சொல்லிவிட்டு அடுத்ததை எடுத்தாள். நகக்கண் சிவந்து எரிந்தபோதும் கை நிற்கவில்லை. முன்னால் ஒன்றும் இல்லாவிட்டால் அதற்கு நேர்மாறு. பல் துலக்கும் பிரஷ்ஷைக் கையில் வைத்துக்கொண்டு கட்டிலின் ஓரத்தில் மதியம்வரை உட்கார்ந்திருப்பாள். எல்லாவற்றையும்விட என்னைப் பயமுறுத்தியது அடுப்பு. "அடுப்பத் தொடக்கூடாதுன்னு சொன்னேன்ல?" என்று கேட்டேன். "ஆமா, தொடக்கூடாது" என்று சொல்லிக்கொண்டே லைட்டரைத் தட்டினாள்.

விருதுநகரில் ஒரு சின்ன மையத்தில் பயிற்சிக்குச் சேர்த்தேன். பயிற்சி கொடுத்த பெண் என் மகள் வயதுதான் இருப்பாள். எனக்குப் புரியவேண்டும் என்று பஸ்ஸை வைத்துச் சொன்னாள்: "இன்ஜின் நல்லா இருக்கு சார், டிரைவரும் இருக்காரு. விசில் அடிக்கிற கண்டக்டர்தான் இல்ல. எப்பக் கெளம்பணும், எங்க நிக்கணும், எதை முதல்ல செய்யணும், வாய்க்கு வர்றதுல எதை முழுங்கணும், இதெல்லாம் முன்மூளையோட வேலை. அங்கதான் அடிபட்டிருக்கு. தெரியாம செய்யறாங்கன்னு நினைக்காதீங்க. தெரியும். தெரிஞ்சதைக் கையோட சேர்த்துப் பிடிக்க ஆள் இல்ல."

வாய்க்கு வருவதை முழுங்காதது என்றால் என்ன என்று எனக்கு வீட்டிலேயே தெரிந்தது. பார்க்க வந்த என் அண்ணனிடம், "மீசைக்கும் சேத்து மை அடிக்கணும், தலைக்கு மட்டும் அடிச்சா கேவலமா இருக்கு" என்றாள். கல்யாணமானதிலிருந்து என்னை நீங்க, வாங்க என்று கூப்பிட்டவள், இப்போது "நீ சமைச்சா வாயில வைக்க முடியல" என்றாள். சமைத்தது நான்தான், அதனால் மறுத்துப் பேசவும் வழியில்லை. மகள் திருப்பூரில் கைக்குழந்தையோடு இருக்கிறாள், வீட்டில் நாங்கள் இரண்டே பேர். நான் காலண்டர் அச்சடிக்கிற கம்பெனியில் பிழை திருத்துகிறவன். தினசரித் தாளில் ராகு காலமும் எமகண்டமும் இடம் மாறாமல் பார்ப்பது என் வேலை. லீவு சொல்லிச் சொல்லி மேனேஜர் முகத்தைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது. என் கவலை எல்லாம் ஒன்றுதான்: ஆர்டர் குவிகிற ஆடிக்குள் இவளை வீட்டில் விட்டுவிட்டு நான் வேலைக்குப் போக முடியுமா?

அந்தச் சமயத்தில்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆமத்தூர்க்காரி வந்தாள்.

வந்தவள் நேரே அடுப்படிக்குப் போனாள். என் மனைவி தோசைக்கல்லைப் பார்த்தாள், இரண்டு கைகளாலும் பிடித்தாள். எனக்குத் திக்கென்றது. ஆனால் தூக்கவில்லை. "எடுக்கேன்" என்றாள். "எடு" என்றாள் ஆமத்தூர்க்காரி. எடுத்தாள். மேடைக்குப் பக்கத்தில் வந்து நின்று, "வைக்கேன்" என்றாள். "வை." வைத்தாள். கை அத்தோடு நின்றது. அடுத்ததற்குத் தாவவில்லை.

அவர்கள் அறையில் அப்படித்தானாம். உடம்பில் ஏறியிருக்கிற மின்சாரம் இறங்க, வாசலில் இருக்கிற செம்புத் தகட்டைத் தொட்டுவிட்டு உள்ளே போக வேண்டும். மருந்துத் தட்டைத் தூக்குமுன் சொல்ல வேண்டும், எதிரில் இருப்பவள் பார்த்துப் பதில் சொல்ல வேண்டும். பதில் வராமல் தட்டு தரையை விட்டுக் கிளம்பக்கூடாது, தரையைத் தொடவும் கூடாது. மேஸ்திரி இல்லாத நாளிலும் இவர்கள் இருவரும் அதை விட்டதில்லையாம். "அதான்ணே நாங்க இன்னும் முழுசா இருக்கோம்" என்று சொல்லி வாயை மூடிச் சிரித்தாள்.

அன்றைக்கு என் மனைவி குளித்தாள், தலை சீவினாள், சாப்பிட்டாள், மாத்திரை போட்டாள். ஒவ்வொன்றுக்கும் ஒரு வார்த்தை கேட்டாள், ஒரு வார்த்தை வாங்கினாள். நான் நாள் முழுக்கத் தொண்டை வறளக் கத்தினாலும் நடக்காதது, அந்தத் தெற்றுப்பல்லுக்கு இரண்டு எழுத்தில் நடந்தது. எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படிப்பதுபோல அவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "ஏ தாயி" என்று அவள் கூப்பிடும்போதெல்லாம் என் மனைவியின் முகம் திரும்பிய வேகத்தைப் பார்த்தேன். நான் கூப்பிட்டு அப்படித் திரும்பி எத்தனை காலமாயிற்று என்று யோசித்தேன்.

அவள் பஸ் ஏறியதும் கேட்டுவிட்டேன். "ஒனக்கு யார ரொம்பப் பிடிக்கும்? என்னையா, அவளையா?"

"அவளத்தான்."

மூச்சு விடுகிற இடைவெளிகூட இல்லை. மறுநாளும் கேட்டேன், அதே பதில். புண்ணைச் சொறிகிற சுகம் மாதிரி அது எனக்குத் தினசரி வழக்கமாகிவிட்டது. பயிற்சிப் பெண்ணிடம் வேறு யாருக்கோ நடந்ததுபோலச் சொல்லிப் பார்த்தேன். அவள் கண்டுபிடித்துவிட்டாள்.

"கேக்காதீங்க சார். முதல்ல வர்றது அப்படியே வெளிய வருது, அவ்வளவுதான். நமக்கும் முதல்ல என்னென்னமோ வரும், நாம அதை முழுங்கிட்டு ரெண்டாவதைச் சொல்றோம்." பிறகு சொன்னாள்: "என்னைக்காவது ஒரு கேள்விக்கு அவங்க நின்னு, யோசிச்சு பதில் சொன்னாங்கன்னா எனக்கு உடனே போன் பண்ணுங்க. நாம அதுக்காகத்தான் காத்துக்கிட்டிருக்கோம்." எடு, வை என்ற அந்த வழக்கத்தைப் பற்றிக் கேட்டதும் அவளுக்கு ஒரே உற்சாகம். பழகிய வழக்கம் மூளையில் வேறு இடத்தில் இருக்கிறது, அங்கே அடிபடவில்லை, அதைப் பிடித்துக்கொண்டே மேலே ஏறலாம் என்றாள். நீங்களும் அதேபோலப் பதில் சொல்லுங்கள் என்றாள். ஆமத்தூர்க்காரியும் அதைத்தான் சொல்லியிருந்தாள்.

நான் சொல்லவில்லை. அது அவர்கள் அறைப் பேச்சு. என் வீட்டில், என் மனைவியிடம், இன்னொருத்தியின் வார்த்தையைக் கடன் வாங்கிப் பேசுவதா என்று இருந்தது. என்மேல் பிரியம் இருந்தால் அந்த வார்த்தை இல்லாமலே நடக்கட்டும் என்று வீம்பு பிடித்தேன்.

குழாயில் தண்ணீர் விட்ட ஒரு நாள். என்னைக் கேட்காமலே அவள் நிறைகுடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு உள்ளே வந்தாள். அடுப்படி மேடைக்கு முன்னால் குடத்தை இரண்டு கையிலும் ஏந்தி நின்றாள். "வைக்கேன்" என்றாள்.

நான் வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். மேடை அவள் கைக்கு எட்டுகிற தூரம். வைக்க வேண்டியதுதானே, இதற்கு என்ன உத்தரவு என்று வாயை இறுக மூடிக்கொண்டேன். "வைக்கேன்" என்றாள் மறுபடி. முழங்கை நடுங்க ஆரம்பித்தது. தண்ணீர் அலம்பி அவள் சேலையில் சிந்தியது. அவள் முகத்தில் கோபமோ வருத்தமோ இல்லை. எதிரில் இருப்பவள் பார்த்துச் சொல்வாள் என்ற நம்பிக்கை மட்டும் இருந்தது. கை விட்டுப்போனாலும், பதில் வராமல் அவள் குடத்தை மேடையில் வைத்திருக்கமாட்டாள். அந்த அறையில் பதில் வராமல் வைத்தால் என்ன ஆகும் என்று அவள் உடம்புக்குத் தெரியும்.

"வை" என்றேன்.

வைத்தாள். கையை உதறிக்கொண்டு என்னைப் பார்த்தாள். "நல்லாத்தான் சொல்லுற. அவ சொல்லுற மாதிரி இல்ல" என்றாள்.

அதிலிருந்து நானும் சொன்னேன். வீடு ஒருவழியாக ஓடியது. ஆனால் சொல்வதற்கு ஓர் ஆள் எந்நேரமும் பக்கத்தில் இருக்க வேண்டும். ஆடிப்பெருக்குக்கு அடுத்த வருடக் காலண்டர் மாதிரிகளின் ஆல்பம் போட்டதும் காலண்டர் ஆர்டர்கள் குவிய ஆரம்பித்தன. கம்பெனியிலிருந்து இனி லீவு கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். அப்போதுதான் ஆமத்தூர்க்காரி ஒரு யோசனையோடு வந்தாள். என் மனைவி விழுந்தபிறகு எதிரில் வேறு ஆளை உட்காரவைத்தார்களாம், தனக்கு ஒத்துவரவில்லை என்று வேலையிலிருந்து நின்றுவிட்டாளாம். இப்போது வீட்டிலிருந்தே பட்டாசுப் பெட்டி ஒட்டுகிறாள். ஒத்துவரவில்லையாம். அதைக் கேட்டபோதும் எனக்கு எரிந்தது.

"காலையில எங்கிட்ட விட்டுட்டுப் போங்கண்ணே. பெட்டிதான ஒட்டப் போறோம், நெருப்பும் கெடையாது, மருந்தும் கெடையாது. சாயந்தரம் கூட்டிட்டுப் போங்க."

நான் யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் என் மனைவி துணி எடுத்துவைக்கப் போய்விட்டாள். "எங்கன போற?" என்றேன். "அவ வீட்டுக்கு. அங்கனயே இருந்துக்கிறேன்" என்றாள். சாயந்தரம் திரும்பி வரவேண்டும் என்று அவளுக்குப் புரியவைக்க அன்றைக்குப் பெரும் பாடாகிவிட்டது.

வேறு வழி இல்லாமல் ஒத்துக்கொண்டேன். தினமும் காலையில் வண்டியில் கொண்டுபோய் விடுவேன். இறங்கியதும், அந்தச் செம்புத் தகட்டைத் தொடுவதுபோல, வாசல் நிலையைக் கையால் தொட்டுவிட்டு உள்ளே போவாள், என்னைத் திரும்பிப் பார்க்கமாட்டாள். வேலையில் ராகு காலத்தைத் திருத்திக்கொண்டிருக்கும்போதே இப்போது என்ன பேசிக்கொண்டிருப்பார்கள் என்று மனசில் ஓடும். சாயந்தரம் போனால் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து ஒட்டிக்கொண்டிருப்பார்கள். நாள் செல்லச் செல்ல அவர்களுக்கு இடையில் எடு, வை எல்லாம் குறைந்துகொண்டே வந்தது. சில நேரம் ஆமத்தூர்க்காரி தலையை மட்டும் அசைப்பாள். சில நேரம் அதுவும் இல்லை. குணமாகிறாள் என்று தெரிந்தது. என்னிடம் அல்ல, அவளிடம் குணமாகிறாள் என்றும் தெரிந்தது.

கார்த்திகையில் ஒரு சாயந்தரம். நான் ஹெல்மெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றேன். என் மனைவி பெட்டியை மடித்துக்கொண்டே ஆமத்தூர்க்காரியிடம், "இவரு தெனமும் கேக்காரு, யாரப் பிடிக்கும்னு" என்றாள்.

எனக்கு உடம்பு கூசிப்போயிற்று. ஆமத்தூர்க்காரி வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிச் சிரித்தாள். "இம்புட்டு வயசுக்கு மேல அண்ணனுக்கு இது தேவையா? சரி தாயி, அவரு மூஞ்சிக்கு நேரயே சொல்லிரு. யாரப் பிடிக்கும்?"

என் மனைவி வாயைத் திறந்தாள். பதில் உதடுவரை வந்ததை நான் பார்த்தேன். தினம் பார்த்துப் பழகிய பதில்தானே. அப்போது அவள் கண் என்மேல் விழுந்தது. ஹெல்மெட்டைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள். வாயை மூடினாள். கையிலிருந்த பெட்டியை, யாரிடமும் கேட்காமல், கீழே வைத்தாள். நேரம் போனது. அவள் தொண்டை ஒருமுறை ஏறி இறங்கியது.

"ரெண்டு பேரும் ஒண்ணுதான்" என்றாள். பிறகு என்னிடம், "நீங்க காப்பி குடிச்சீகளா?" என்றாள்.

ஆமத்தூர்க்காரியின் கை வாயிலிருந்து இறங்கிவிட்டது. அவளுக்கும் புரிந்துவிட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபிறகு என் மனைவி சொன்ன முதல் பொய் அது. அதை எனக்காகச் சொன்னாள். ஆமத்தூர்க்காரிக்காக அவள் எதையும் முழுங்க வேண்டி வந்ததே இல்லை என்பதும் அந்த நிமிடமே எனக்குத் தெரிந்தது. கண் நிறைந்தது. வயிறும் எரிந்தது. இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

திரும்பும் வழியில் பஸ் ஸ்டாப் பக்கம் வண்டியை நிறுத்தி, அவளுக்கு ஒரு முறுக்கு வாங்கிக் கொடுத்துவிட்டு, பயிற்சிப் பெண்ணுக்குப் போன் போட்டேன். "இன்னைக்கு நின்னு யோசிச்சு பதில் சொன்னாம்மா" என்றேன். அந்தப் பக்கம் அவள் சந்தோஷத்தில் யாரையோ கூப்பிட்டுச் சொன்னது கேட்டது. பிறகு கேட்டாள், "என்ன கேள்வி சார் கேட்டீங்க? என்ன பதில் சொன்னாங்க?"

நான் வாயைத் திறந்தேன். பக்கத்தில் என் மனைவி முறுக்கை ஒடித்துப் பாதியை எனக்கு நீட்டிக்கொண்டு நின்றாள்.

"காப்பி வேணுமான்னு கேட்டோம். வேணாம்னு சொன்னா" என்றேன்.