டீமேக்கரின் டோர்ச்

சுவை பார்க்கும் அறையின் மேசை இழுப்பறையில் ஒரு சிறிய டோர்ச் கிடக்கிறது. நமுனுகுல மலையிலிருந்து பனிமூட்டம் இறங்கி, தேயிலை பேக்டரியில் கரண்ட் போன ஒரு மத்தியானத்தில்தான் அதை முதலில் பார்த்தேன். தேயிலையைப் பக்குவம் பார்க்கும் டீமேக்கர், அவரிடம் வேலை பழகிக்கொண்டிருந்த எனக்கு முதுகைக் காட்டி ஜன்னலோரம் நின்றிருந்தார். ஜன்னல் கண்ணாடியில் கண்ணில்லாத, மூக்கில்லாத ஒரு சிவப்பு வாய் மட்டும் மிதந்தது. வாய்க்குள் டோர்ச்சை அடித்துக்கொண்டிருக்கிறார் என்பது புரியச் சற்று நேரமாயிற்று.

"கிட்ட வராதீங்க தம்பி," என்றார்.

சுவை பார்க்க அவர் தேநீரை உறிஞ்சும் சத்தம் அறைக்கு வெளியேயும் கேட்கும். கொஞ்ச நாளாக அது கேட்கவில்லை. சுவை பார்க்கும் தன் கரண்டியை யாரையும் தொடவிடாமல் கைக்குட்டையில் சுற்றி வைத்திருந்தார்.

"நாக்கோரம் புண்ணு ஆறவே மாட்டேங்குது. போன வருசம் கொழும்புல ஒரு தப்புப் பண்ணிட்டேன். எச்.ஐ.வி.ன்னா வாயிலதான் தெரியும்னு போன்ல போட்டிருக்கு. எம்மக பாப்பாவுக்கு முத்தம் குடுத்தே எவ்வளவோ நாளாச்சு."

"ரத்தம் பாக்காம டோர்ச்சுல என்னங்க தெரியும்?" என்று அதட்டினேன். உள்ளுக்குள் எனக்கும் பயம்தான்.

பதுளை ஆஸ்பத்திரிக்கு நானே கூட்டிப்போனேன். பஸ்ஸில் வழியெல்லாம் வாயைப் பொத்தியபடி வந்தார். புண்ணை வைத்து எச்.ஐ.வி. என்று சொல்லிவிட முடியாது என்றார் டாக்டர். இரத்தத்தைச் சோதித்தார்கள், எச்.ஐ.வி. இல்லை. உடைந்த கடைவாய்ப் பல்லொன்று நாக்கை உரசிக்கொண்டே இருந்திருக்கிறது. எச்.ஐ.வி. இருந்திருந்தாலும் முத்தத்தாலோ கரண்டியாலோ ஒட்டாது, மருந்தும் இருக்கிறது என்று டாக்டர் சொன்னபோது மனிதர் அழுதேவிட்டார்.

பல்லைப் பிடுங்கினார்கள், புண் ஆறியது. அன்று தன் குவாட்டர்ஸ் வீட்டு வாசலில் மகளைத் தூக்கி முகத்தருகே கொண்டுபோனார். அவள் தன் உள்ளங்கையால் அவர் வாயைப் பொத்தினாள். "அப்பா வாயில நெருப்பு எரியுது," என்றாள். வீட்டின் இருட்டு மூலையில் வாய்க்குள் டோர்ச் அடித்தபடி அவர் நின்ற கோலத்தை அவளும் பார்த்திருக்கிறாள். மறுநாளே, "வீட்ல இது வேணாம் தம்பி," என்று டோர்ச்சை என்னிடம் கொடுத்துவிட்டார்; நான் அதை இந்த இழுப்பறையில் போட்டுவைத்தேன்.

போன வாரம் மறுபடி பனிமூட்டம், மறுபடி கரண்ட் இல்லை. பாப்பா இப்போது பள்ளிக்கூடம் போகிற பெண். அப்பாவுக்குச் சுவை பார்க்கும் அறைக்குச் சாப்பாடு கொண்டுவந்து, பேசியபடி அவர் பக்கத்தில் நின்றிருந்தாள். நான் யோசிக்காமல் இழுப்பறையைத் திறந்து டோர்ச்சை அடித்தேன். அவள் பேச்சு பாதியில் நின்றது; கை தானாக எழுந்து அவர் வாயைப் பொத்தியது. அவர் அசையவில்லை. அந்த உள்ளங்கையிலேயே முத்தம் கொடுத்தார். நான் டோர்ச்சை அணைத்தேன்.