பெண்கள் பெட்டி நின்ற இடம்

மாமிதான் எப்போதும் முதலில் ஏறுவாள். ஏறிய வேகத்திலேயே திரும்பி, இடதுகையால் வாசல் கம்பியைப் பற்றிக்கொண்டு வலதுகையைக் கீழே நீட்டுவாள். முழங்கைவரை அடுப்புத் தழும்புகள் நிறைந்த கை அது. அதைப் பிடித்துத்தான் நான் கல்லூரிக்குப் போனேன். எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவள் நான். அதைத் தலைநிமிர்ந்தே சொல்வேன்.

பாறசாலையை ஒட்டிய எங்கள் ஊரில் அப்பாவின் அக்காவை மாமி என்றுதான் அழைப்போம். திருவனந்தபுரத்தில் ஒரு விடுதியில் அவளுக்குச் சமையல் வேலை. எங்கள் சிறிய ரயில் நிலையத்தின் நடைமேடை குட்டையானது. கடைசியில் வரும் பெண்கள் பெட்டி அதைத் தாண்டிப்போய்ச் சரளைக்கல்லின் மேல் நிற்கும். படியோ இடுப்பளவு உயரத்தில். ரயில் நிற்கும் அந்தக் கொஞ்ச நேரத்துக்குள் மாமி அத்தனை பேரையும் மேலே இழுத்துவிடுவாள். "கைய தா மக்கா! இது என்ன அரிசி மூடையா, இந்தக் கனம் கனக்குதே!" என்று ஒருத்தியிடம் சிரிப்பாள். "படிக்கப் போற பிள்ளையாக்கும், அவ பைய வாங்குங்கட்டி" என்று என்னை இழுப்பாள். உள்ளே ஒரு மூலையில் ஜெபம் நடக்கும். இன்னொரு மூலையில் மடியில் பயறு உரிப்பார்கள். இரண்டுக்கும் நடுவில் மாமியின் சத்தம்.

நான் சென்னையில் மேற்படிப்புக்குச் சேர்ந்த பிறகு அவளுடைய மார்பில் கட்டி வந்தது. அறுவை சிகிச்சையில் அக்குளில் இருந்த நிணநீர்க் கணுக்களையும் எடுத்தார்கள். வலதுகை வீங்கிக் கனத்தது. அந்தக் கையால் எதையும் தூக்கக் கூடாது, யாரும் இழுக்கவும் கூடாது என்றார் டாக்டர். ஆனால் சிகிச்சைக்குத் திரும்பத் திரும்பத் திருவனந்தபுரம் போக வேண்டியிருந்தது.

விடுமுறையில் ஒருநாள் நானும் உடன் போனேன். மாமி சரளைக்கல்லின் மேல் நின்றாள். பெட்டியிலிருந்து கைகள் நீண்டன. "சேச்சி, கை தா" என்றாள் மலையாளக்காரி ஒருத்தி. மாமி இடதுகையைக் கொடுத்தாள், உடம்பு எழும்பவில்லை. அன்பின் அவசரத்தில் யாரோ குனிந்து அவளை அக்குளோடு சேர்த்துத் தூக்கினார்கள். அந்த அலறலை இப்போது எழுதும்போதும் கேட்கிறேன். ரயில் ஊதியது. "நீங்க போங்க மக்கா, நான் பஸ்சுல வாறேன்" என்றாள். அவளையும் என்னையும் விட்டுவிட்டு ரயில் போய்விட்டது.

பஸ்ஸின் குலுக்கலை மருந்து தின்ற அந்த உடம்பு தாங்கவில்லை. வழியெல்லாம் வாந்தி. இரண்டு முறை போனாள், பிறகு நிறுத்திவிட்டாள். "எனக்குச் சொகம் உண்டு" என்று தொலைபேசியில் எல்லோரிடமும் சொன்னாள். மறுபடியும் ஆஸ்பத்திரிக்குப் போனபோது ஆம்புலன்ஸில் படுத்துப் போனாள். திரும்பியதும் ஆம்புலன்ஸில்தான், வெள்ளைத் துணி மூடி.

இன்று ரயில் நிலையங்களுக்கு வரைபடம் போடுவது என் வேலை. ஒரு கூட்டத்தில், குட்டையான நடைமேடைகளை நீட்ட வேண்டும் என்பதற்காக மாமியைப் பற்றிச் சொன்னேன். "நடுவில் உள்ள பெட்டியில் ஏறியிருக்கலாமே?" என்று மூத்த பொறியாளர் ஒருவர் கேட்டார். நல்ல மனிதர், நியாயமான கேள்விதான். நெரிசலில் அந்தக் கையை யாராவது இடித்துவிடுவார்கள் என்று சொல்லியிருக்கலாம். நான் சொன்னது வேறு: "அங்கே அவளுக்குத் தெரிந்தவர்கள் யாரும் இல்லை, சார்." அவர் பேனாவை மேசைமேல் வைத்துவிட்டார்.

எங்கள் ஊர் நடைமேடையும் நீண்டது. போன மாதம் பெண்கள் பெட்டி சிமெண்ட் தரையோடு ஒட்டி வந்து நின்றது. நான் ஏறினேன். ஏறினேன் என்று சொல்லவே தேவையில்லை. ஓர் அடி எடுத்து வைத்தேன், உள்ளே இருந்தேன். உட்கார இடம் இருந்தது. உட்காராமல் வாசலிலேயே நின்று அழுதேன்.

அந்த ஓர் அடி மாமியால் முடிந்திருக்கும்.